பாடை மறித்த குருவம்மாள்

பால்வண்ணநாதருக்கு ஒரு தும்மல் வந்தால் அவர் பெண்டாட்டியைவிட முந்திப் பதறுகிறவள் குருவம்மாள்தான். தென்காசியில் அவர் வீட்டுக்கு வைத்தியர் வந்துபோனார் என்று காதில் விழுந்தால் போதும், கையிலிருந்த எண்ணெய்ப் படியை அப்படியே வைத்துவிட்டு, "என்னவாம்? எப்படி இருக்காராம்? கஞ்சி குடிச்சாராமா?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து விசாரிப்பாள். ஆய்க்குடி முருகனுக்கு அவர் பேரில் அர்ச்சனை வைப்பாள். விவரம் தெரியாதவர்கள், அடடா, என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல மனசாவது மண்ணாங்கட்டியாவது! அவர் சாகலாம், தாராளமாகச் சாகலாம். ஆனால் குருவம்மாள் ஊரில் இருக்கும்போது, அவள் காலில் தெம்பு இருக்கும்போது, அவர் வீட்டுத் தெருமுக்குக்கு அவள் நடந்துபோய்ச் சேருகிற மாதிரி ஒரு பொழுதில் சாக வேண்டும். அத்தனை அர்ச்சனையும் அதற்குத்தான்.

அவளுடைய உடம்பையும் அவள் அப்படித்தான் பேணினாள். குற்றாலத்தில் சாரல் காலம் முழுக்க விடியுமுன் அருவியில் தலை கொடுப்பாள். வயிறு வாடவிட மாட்டாள். சளி பிடித்தால் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு அன்றைக்கே விரட்டிவிடுவாள். அவருக்கு முன்னால் தான் போய்விட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்ற ஒரே பயம். வஞ்சம் சில பேரை உருக்கிப்போடும் என்பார்கள், குருவம்மாளைத் தேற்றிவிட்டது.

அந்த வஞ்சம் பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில்.

அவள் புருஷன் செல்லச்சாமி சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து தென்காசியில் குடியேறிய சம்சாரி. கொஞ்சம் வயல், ஒரு ஜோடி மாடு. அவர் வம்சத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த ஆள் ஒருத்தர் கிடையாது. ஒரே மகன் இசக்கிப்பாண்டி மட்டும் எங்கிருந்து அந்த மூளையை வாங்கிக்கொண்டு வந்தானோ, பள்ளிக்கூடத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. காலேஜில் சேர்க்க வேண்டும் என்றான். காலேஜ் திருநெல்வேலிப் பக்கம். சம்பளம் கட்ட வேண்டும், தங்க வேண்டும், தின்ன வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். செல்லச்சாமி யோசிக்கவே இல்லை. மேலத்தெருவில் வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பால்வண்ணநாதரிடம் போய் புரோநோட்டில் கைநாட்டு வைத்தார். வருஷா வருஷம் போய் மேலும் மேலும் வைத்தார். "எம் மகன் பி.ஏ. பாஸ் பண்ணினா தாசில்தாரா வருவான். ஒரே வருசத்துல அடைச்சிருவான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகன் பி.ஏ. கடைசி வருஷம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. செல்லச்சாமி வயலில் மடை திறக்கப் போனவரைப் பாம்பு தீண்டிவிட்டது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது.

இசக்கிப்பாண்டி வந்து சேர்ந்தான். குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், தூக்கினார்கள். பெண்கள் தெருமுக்கு வரைதான் போவார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான். முக்கில் குருவம்மாள் தலைவிரி கோலமாக நிற்கிறாள். அங்கே பாடைக்கு முன்னால் ஒருத்தர் வந்து நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தரையில் விரித்தார். பால்வண்ணநாதர்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கடன் கொடுத்தவர் பாடையை மறித்துத் துண்டை விரித்தால், செத்தவருடைய மகனோ பங்காளியோ பிணத்தின் காலில் கை வைத்து "இந்தக் கடன் என்னுடையது" என்று சொல்ல வேண்டும். சொல்லுகிற வரை பாடை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஆனால் இதை யாரும் செய்ததில்லை. "நீ செத்தா பாடைய மறிப்பேன்" என்று வாய்ச்சண்டையில் வைவார்களே தவிர, உண்மையிலேயே துண்டோடு போய் நிற்கிற ஈனத்தனம் எவனுக்கும் வந்ததில்லை. பால்வண்ணநாதருக்கு வந்தது.

"கைய வச்சு ஒரு சொல்லு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வெரோதம் இல்ல" என்றார்.

இசக்கிப்பாண்டி கொள்ளிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கடன் என்னுதுதான். ரெண்டு மாசத்துல பரீட்சை. எழுதிட்டு வேலைக்குப் போயி மொத வேலையா உங்களுக்குத்தான்" என்றான்.

"பரீட்சை எழுதி, நீ பாஸாகி, வேலை கிடைச்சு... அதுவரைக்கும் ஒங்கய்யா இங்கனயே கெடக்கட்டுமா?"

கூட்டத்தில் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. பாதிப் பேருடைய நோட்டு அவர் பெட்டியில் இருந்தது.

"காலேஜுக்கு இனிமே சம்பளம் யாரு கட்டுவா? திரும்ப என்கிட்டத்தான வருவ? அது ஆகாது. படிப்ப விட்டுட்டு நாளைக்கே சம்பாதிக்கப் போறேன்னு சொல்லு. கால்ல கை வச்சுச் சொல்லு."

பையன் ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் குனிந்து, அப்பன் காலைத் தொட்டு, சொன்னான்.

குருவம்மாள் அதற்கப்புறம் அழவில்லை. மாரடிக்க வந்த பெண்களெல்லாம் அவளை உலுக்கிப் பார்த்தார்கள். கல் மாதிரி நின்றாள்.

இசக்கிப்பாண்டி செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதப் போனான். மலைக்காய்ச்சல் ஆளைத் தின்கிற காடு அது. சம்பளத்தில் தன் கஞ்சிக்கு எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நேரே பால்வண்ணநாதருக்கு அனுப்பினான். பற்றாததற்கு வயலை விற்றார்கள், மாட்டை விற்றார்கள். கடைசித் தவணையும் கட்டியாயிற்று. அந்த மாதமே அவனைக் கம்பளியில் சுருட்டி ரயிலில் கொண்டுவந்து தென்காசி ஸ்டேஷனில் இறக்கினார்கள். மஞ்சளாக இருந்தான். குடித்த தண்ணீர் தங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அந்தப் பாடைக்கும் பால்வண்ணநாதர் வந்திருந்தார். இந்த முறை துண்டு தோளிலேயே இருந்தது. முக்கில் ஒதுங்கி நின்று, பக்கத்திலிருந்தவரிடம், "நாணயமான பய. ஒரு சல்லி பாக்கி இல்ல. மறிக்க ஆளில்லாம போறான் பாரும், கொடுத்து வச்சவன்" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார் பாவி மனுஷன். குருவம்மாள் காதில் அது விழுந்தது. அந்த இடத்திலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள்: இவன் பாடையை நான் மறிக்க வேண்டும். இவன் மகன் குனிந்து கை வைக்க வேண்டும். அதை நான் நின்று பார்க்க வேண்டும்.

முடிவு கட்டினால் ஆயிற்றா? பாடையை மறிக்க வேண்டுமென்றால் செத்தவன் நமக்குக் கடன்பட்டிருக்க வேண்டும். மேலத்தெருவில் மாடி வைத்துக் கட்டினவன், குற்றாலத்தில் தோப்பு வைத்திருக்கிறவன், ஒண்டிக்கட்டைப் பொம்பளையிடம் வந்து கடன் கேட்பானா? கேட்கிற அளவுக்கு நம் கையில் காசு வேண்டும், அவன் கையில் இல்லாமல் போக வேண்டும். முதலாவது தன் வேலை என்று வைத்துக்கொண்டாள். இரண்டாவதை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

காதிலும் கழுத்திலும் மிஞ்சியிருந்ததை விற்று, செக்கில் நல்லெண்ணெய் வாங்கி, சீயக்காய் இடித்துச் சலித்து, குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டாள். சீசனுக்கு வருகிற ஜமீன்தார் முதல் சந்நியாசி வரை எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குள் போவதில்லை. அவள் எண்ணெயில் கலப்படம் கிடையாது. அவள் நாக்கிலும் கிடையாது. அளவு குறைகிறது என்று யாராவது முணுமுணுத்தால், "ஒம்ம தலைக்கு இது போதும்யா, உள்ள ஒண்ணும் இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள். சாரல் ஓய்ந்தால் தென்காசித் தெருக்களில் கூடை சுமந்து விற்பாள். ஒற்றை வயிறு, செலவென்ன செலவு? மிச்சத்தையெல்லாம் மலைச்சரக்கு வியாபாரம் செய்த முகம்மது மீரானிடம் கொடுத்து வைத்தாள். மீரான் நேர்மையான மனுஷன். அவர் கடையில் மிளகோடு ஏலக்காயோடு அவள் காசும் பெருகியது.

முருகனும் சும்மா இருக்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் நெல் விலை விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு விழுகை! கடன் வாங்கினவன் எவனாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பால்வண்ணநாதர் பெட்டி நிறைய நோட்டு, ஒரு நோட்டிலும் காசு வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவருடைய மகன் குத்தாலிங்கத்துக்கு மெட்ராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அருவிக்கரையில், கோயில் வாசலில், கல்யாண வீட்டில், எங்கே நாலு பேரைப் பார்த்தாலும், "எம் மகனை டாக்டருக்குப் படிக்க வைக்கேன்" என்பார். "நான் படிக்க வைக்கேன்" என்று அந்த 'நானை' ஒரு அமுக்கு அமுக்குவார். குருவம்மாள் கொட்டகையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொருத்தி பிள்ளையைப் படிப்பை விட வைத்த வாய், படிக்க வைக்கிறேன் என்று பேசுகிறதே! ஆனால் அவர் கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் மீரான் அவளிடம் சொன்னார். "குருவம்மா, பால்வண்ணநாதர் வந்திருந்தாரு. பையனுக்குப் படிப்பு முடியுத வரைக்கும் சம்பளம் கட்டணுமாம். ஆயிரத்து எரநூறு கேக்காரு. என்கிட்ட அவ்வளவு தோது இல்லைன்னுட்டேன்."

குருவம்மாள் சட்டென்று எழுந்துவிட்டாள். "இருக்குன்னு சொல்லுங்க பாய்! எங்காசு இருக்குல்லா? எடுத்துக் கொடுங்க. நோட்டு உங்க பேருல எழுதுங்க. பொறவு எனக்கு மாத்தித் தந்துருங்க."

மீரான் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கதை தெரியும். "வேண்டாம்மா. இது நல்லதுக்கு இல்ல."

"நல்லதுக்குன்னு நான் சொல்லலையே பாய்" என்றாள் குருவம்மாள்.

காசு அவளுடையது. அவர் என்ன செய்வார்? கொடுத்தார். எழுதி வாங்கினார். ஒரு மாதம் கழித்து அதை அவள் பேருக்கு மாற்றியும் கொடுத்தார்.

இதைப் பால்வண்ணநாதரிடம் யார் சொன்னார்கள்? அவளேதான் சொன்னாள். சொல்லாமல் வைத்திருந்தால் ருசி ஏது? அடுத்த சாரலில், ஒரு ஆடி மாதக் காலையில், அவர் கோமணத்தோடு உச்சிமுதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய அவள் கொட்டகை முன் உட்கார்ந்திருந்தார்.

"மகன் நல்லா படிக்கானா அண்ணாச்சி?"

"படிக்காம? நான் படிக்க வைக்கேன், அவன் படிக்கான்."

"நீங்க எங்க படிக்க வைக்கிய? மீரான் பாய்கிட்ட நீங்க வாங்கின ஆயிரத்து எரநூறும் எங்காசுல்லா! நோட்டு இப்ப எம்பேருல இருக்கு. கேட்டுப் பாருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு நீங்க துண்ட விரிச்சு நின்னியளே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி உங்க தெருமுக்குல நானும் ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. உடம்பப் பாத்துக்கோங்க."

பால்வண்ணநாதர் எழுந்தார். அருவிப் பக்கம் போகவில்லை. எண்ணெய்த் தலையோடு வில்வண்டியில் ஏறித் தென்காசிக்குப் போய்விட்டார். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போனவர் அந்த சீசனில் அவர் ஒருத்தர்தான். குருவம்மாள் அன்று பூராவும் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கடன் கொடுத்தவன் துரத்த, வாங்கினவன் ஓடுவதைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இங்கே வாங்கினவர் கொடுக்கத் துரத்துகிறார், கொடுத்தவள் வாங்காமல் ஓடுகிறாள்! குற்றாலத்துத் தோப்பை வந்த விலைக்கு விற்றார். பணத்தை ஆள் வசம் அனுப்பினார்; "எனக்கு இப்ப முடை இல்ல" என்று திருப்பிவிட்டாள். மணியார்டர் செய்தார், வாங்க மாட்டேன் என்றாள், போன வழியே திரும்பி வந்தது. பணப்பையை அவள் கொட்டகைக்குள் போட்டுவிட்டு ஓடிவர ஓர் ஆளை ஏவினார். பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேலத்தெரு முழுக்க, "அண்ணாச்சி பைய விட்டுட்டுப் போயிட்டாவ, அண்ணாச்சி பைய விட்டுட்டுப் போயிட்டாவ" என்று கூவிக்கொண்டே போய் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். தெருவே கதவைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

அவர் வக்கீல் சிவனணைந்தபெருமாளிடம் போனார். வக்கீல் சிரித்தார். "மூணு வருசம் போகட்டும்வே. அவ கேஸ் போடலைன்னா நோட்டு காலாவதி. பொறவு அது வெறும் காயிதம்."

"கோர்ட்டுக்குத்தானய்யா வெறும் காயிதம்? தெருவுக்கு?" என்றார் பால்வண்ணநாதர். அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு சட்டத்தைப் போட்டுக் காட்டியவரே அவர்தானே!

கடைசியில் அவர் பெண்டாட்டி வடிவாம்பாள் வந்தாள். குனிந்த தலை நிமிராத மனுஷி. கொட்டகையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வாங்கிக்கோம்மா குருவம்மா. அவுக ராத்திரியெல்லாம் தூங்க மாட்டக்காவ. செங்கோட்டையில மக வீட்டுல போயிக் கெடந்துருவோமான்னு கேக்காவ."

"செங்கோட்டைக்கும் ரயில் போவுதே ஆச்சி."

"அவுக செஞ்சதுக்கு எம் மகன் என்ன பாவம்டீ பண்ணினான்?"

"எம் மகன் என்ன பாவம் பண்ணினானோ அதேதான்."

குருவம்மாள் மோர் கலந்து கொடுத்தாள், வண்டி வரை கொண்டுபோய் விட்டாள். அந்த அம்மாள் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. இரக்கமும் கிடையாது. இரக்கத்துக்கு மனசில் இடம் வைத்திருக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் வருஷம் தை கடைசியில் பால்வண்ணநாதர் படுத்துவிட்டார். மகனுக்குத் தந்தி போயிற்று. குருவம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தென்காசியைவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தன் மகன் உச்சிமாகாளியை அந்தத் தெருவிலேயே காவல் போட்டாள். சொந்தமென்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருத்தன்தான். ஒரு நாள் முற்பகலில் அவன் ஓடிவந்தான்.

"பெரியம்மை, விடியக்காலமே முடிஞ்சுபோச்சாம். சங்கு ஊதல, யாருக்கும் சொல்லி விடல. சட்டுனு தூக்கிரப் பாக்காவ."

குருவம்மாள் தலையைச் சீவி முடித்தாள். வெளுத்த சேலை எடுத்துக் கட்டினாள். புருஷனுடைய பழைய துண்டு ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். பாடை தெருமுக்குக்கு வரவும் அவள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. துண்டை உதறினாள். விரித்தாள்.

"ஏளா, துக்க வீட்டுல இது என்ன அநியாயம்!" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "ஒரு பொம்பளை வந்து மறிக்கவா?"

"அன்னைக்கு எங்க தெருமுக்குல நீங்களும்தான நின்னிய? அநியாயம்னு அன்னைக்கு ஒரு வாய் பேசினியளா? பேசியிருந்தா இன்னைக்கும் பேசுங்க, நான் போயிருதேன்."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாடையை இறக்கி வைத்தார்கள்.

குத்தாலிங்கம் முன்னால் வந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி, கையில் கொள்ளிச்சட்டி. மெட்ராஸில் அவனுக்குக் கடைசி வருஷம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவன் மடியைத் தொட்டுக்காட்டி, "ஆச்சி, பணம் வட்டியோட இருக்கு. எங்கப்பா எடுத்து வச்சிட்டுத்தான் போயிருக்காவ. வாங்கிக்கோங்க" என்றான்.

"பணத்த உள்ள வையி."

"பின்ன என்ன சொல்லணும் நான்?"

என்ன சொல்ல வேண்டும் என்பதைக் குருவம்மாள் இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். 'படிப்ப விட்டுட்டேன்.' அவ்வளவுதான். அவள் பிள்ளை சொன்ன அதே சொல். இவன் சொல்லிவிடுவான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

திறந்த வாயைப் பிறகு மூடிக்கொண்டாள். இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இவன் படிப்பை விட்டால் ஊர் என்ன சொல்லும்? 'பாவம், பால்வண்ணநாதர் மகனை டாக்டருக்குப் படிக்க வைத்தார், பாதகத்தி கெடுத்துவிட்டாள்' என்றல்லவா சொல்லும்! அந்த 'படிக்க வைத்தார்' செத்தவனோடேயே போகும். கொண்டு போக விடுவாளா? அவன் ஆயுசு முழுக்கப் பீற்றிக்கொண்ட அந்த ஒரு சொல்லை அவன் மேலிருந்து உரித்து எடுக்க வேண்டாமா?

"கால்ல கைய வையி. நான் சொல்லுதத அப்படியே சொல்லு. 'என்னைப் படிக்க வச்சது எங்கப்பா இல்ல.'"

முக்கில் பெண்கள் நடுவில் நின்ற வடிவாம்பாள், "ஐயோ வேண்டாம்டீ" என்று கத்தினாள்.

"சொல்லு. பொய்யின்னா சொல்லாத. பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் சங்கடம். குத்தாலிங்கம் குனிந்து அப்பாவின் காலில் கை வைத்தான். "என்னைப் படிக்க வச்சது எங்கப்பா இல்ல."

"இசக்கிப்பாண்டியோட அம்மா."

"இசக்கிப்பாண்டியோட அம்மா."

"யாரு எப்பக் கேட்டாலும் இதையே சொல்லுவேன்."

அவன் அதையும் சொன்னான். குருவம்மாள் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பால்வண்ணநாதரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகி, உலை வைத்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொதிக்கக் கொதிக்கச் செய்து வயிறு புடைக்கச் சாப்பிட்டாள். ருசித்தது. நன்றாகவே ருசித்தது.

குத்தாலிங்கம் டாக்டராகித் தென்காசியிலேயே வந்து உட்கார்ந்தார். கைராசிக்காரர் என்று பேர் வாங்கினார். ஆலங்குளத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வருகிறவர்கள், "எய்யா, ஒங்களப் படிக்க வச்ச மகராசன் நல்லா இருக்கணும்" என்பார்கள். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, "என்னைப் படிக்க வச்சது எங்கப்பா இல்ல. இசக்கிப்பாண்டியோட அம்மா" என்பார். அப்பன் காலைத் தொட்டுச் சொன்ன சொல், எப்படி மீறுவார்?

குருவம்மாளுக்கு அதிலிருந்து தலைவலியும் முதுகுவலியும் அடிக்கடி வர ஆரம்பித்தன. ஒன்றுமிருக்காது. டாக்டர் வீட்டு பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, புதிதாக வந்திருக்கிற வெளியூர்க்காரியாகப் பார்த்து, "டாக்டரய்யாவ யாரு படிக்க வச்சாவன்னு கேளேன்" என்று கிளப்பிவிடுவாள். அவர் சொல்லுவார். "சத்தமாச் சொல்லுங்க டாக்டரே, காது மந்தமாப் போச்சு" என்பாள். அவர் மறுபடியும் சொல்லுவார். கேட்டுவிட்டு, வலி விட்டுவிட்டது என்று எழுந்து போய்விடுவாள்.

ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில் டாக்டர் மேஜை இழுப்பைத் திறந்து பணத்தை எடுத்து வைத்தார். "ஆச்சி, நான் சொன்ன சொல்ல மீறவே மாட்டேன். இத மட்டும் வாங்கிக்கோங்க. எனக்குத் தூக்கம் வரணும்."

"நீ நல்ல பிள்ளதாம்லே. நீ ஒரு தப்பும் பண்ணல" என்றாள் குருவம்மாள். "எம் பிள்ளையும் நல்ல பிள்ளதான். அவனும் ஒரு தப்பும் பண்ணல."

பணம் இழுப்புக்குள்ளேயே போயிற்று.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஐப்பசியில் குருவம்மாளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. டாக்டர் இரண்டு வேளையும் வீடு தேடி வந்து ஊசி போட்டார், மாற்றி மாற்றி மருந்து கொடுத்தார். அவருடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டுதான் கிடந்தாள். ஆனால் உச்சிமாகாளியைக் கிட்டத்தில் கூப்பிட்டு என்னவோ சொல்லி, தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினாள்.

அடுத்த நாள் பாடை தெருமுக்குக்கு வந்தபோது டாக்டர் முன்னால் வந்து நின்றார். கையில் மஞ்சள் துணியில் கட்டின பணம். கூட்டம் திகைத்துப்போயிற்று. இவருமா மறிக்கிறார்?

"டாக்டரே, உங்களுக்கு அவ கடனா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இல்ல. நான்தான் கொடுக்கணும். அவுக இருக்கையில வாங்கல." டாக்டர் துணி முடிப்பை, கொள்ளிச்சட்டி தூக்கிக்கொண்டிருந்த உச்சிமாகாளியிடம் நீட்டினார். "நீங்கதான வாரிசு. வாங்கிக்கோங்க, அண்ணாச்சி."

உச்சிமாகாளி கையை நீட்டவில்லை. அவனுக்குக் குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. அந்த முடிப்பைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது. இருந்தும் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் டாக்டரே. இதுல ஒரு காசு தொட்டாலும் எனக்குக் கொள்ளி வைக்காதன்னு சொல்லிட்டா."

"அப்ப நான் யாருகிட்டத்தான் கொடுக்க?"

"எங்க இசக்கியண்ணன்கிட்டக் கொடுக்கச் சொன்னா" என்றான் உச்சிமாகாளி.

டாக்டர் முடிப்போடு ஒதுங்கி வழிவிட்டார். பாடை முக்கு திரும்பிப் போயிற்று.